சொல்லாமல் வருவதா, வாசலிலேயே பேசி அனுப்புவதா: எது மரியாதைக் குறைவு?

நெக்கர்கரை எழுதியது:

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் இருப்பது சின்ன அடுக்குமாடிக் கட்டடம், மாடிக்கு இரண்டு வீடு. போன ஞாயிறு காலை அம்மா முறுக்கு சுட்டார். கீழ் வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு எவர்சில்வர் சம்புடத்தில் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே இறங்கிப்போய் மணி அடித்துவிட்டார். சத்தம் கேட்டு நான் பின்னால் ஓடினேன்.

பாட்டி கதவைத் திறந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சிரித்தார், நன்றி சொன்னார், இது இனிப்பா காரமா என்று கேட்டார், ஞாயிறு நல்லபடியாகக் கழியட்டும் என்று வாழ்த்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எல்லாம் நிலைப்படியிலேயே முடிந்தது.

அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை வரலையே" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சில நாள் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால், வெளிக் குமிழில் ஒரு காகிதப் பை தொங்குகிறது. உள்ளே கழுவித் துடைத்த சம்புடம், வீட்டில் செய்த பிளம்ஸ் ஜாம் ஒரு பாட்டில், கையால் எழுதிய நன்றி அட்டை. எனக்கு மகிழ்ச்சி. அம்மாவுக்குக் கோபம் இரண்டு மடங்கு. "மணி அடிச்சு கையில கொடுத்தா குறைஞ்சா போயிடுவா? யாரோ எவரோ மாதிரி மாட்டிட்டுப் போறது என்ன பழக்கம்?"

பாட்டி பக்கம் தப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

---

கொங்குநாடன் எழுதியது:

இதில் புரிய வைக்க என்ன இருக்கிறது? அவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, நமக்கு உண்டு, அவ்வளவுதான். எங்கள் பக்கம் காட்டு வேலைக்கு ஆள் தேடிக்கொண்டு வழி கேட்டு வருகிறவருக்குக்கூட "வாங்க, உக்காருங்க, மோர் குடிங்க" என்றுதான் பேச்சே தொடங்கும். பேரே அப்புறம்தான் கேட்போம். பணம் வந்தால் மனம் சுருங்கிவிடும் என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

---

பெர்லின்_பழசு எழுதியது:

கொங்குநாடன், இங்கே பல காலம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் கொஞ்சம் மறுக்கிறேன். மனம் சுருங்கியவர் ஜாம் பாட்டிலும் கைப்பட எழுதிய அட்டையும் வைக்க மாட்டார்.

நெக்கர்கரை, அம்மாவுக்கு முதலில் அந்தக் காகிதப் பையைப் புரிய வைத்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே ஒருவர் வீட்டு மணியை அடிப்பது என்றால், உள்ளே இருப்பவர் செய்துகொண்டிருக்கும் எதையோ நிறுத்திவிட்டு எழுந்து வரச் சொல்வது. தலை வாரி, வீட்டு உடையை மாற்றி, முகத்தைச் சரிசெய்துகொண்டு வர வேண்டும். அந்தத் தொந்தரவு வேண்டாம் என்றுதான் பையை மாட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போகிறார்கள். அக்கம்பக்கத்தில் காய்கறி, கேக், குழந்தை உடுப்பு எல்லாம் இப்படிக் குமிழில் தொங்கியே கைமாறும்.

அதிலும் ஞாயிறு. கடைகள் மூடியிருக்கும், துளையிடும் எந்திரம் ஓட்டக் கூடாது, காலிப் பாட்டிலைத் தொட்டியில் போட்டு உடைக்கும் சத்தத்துக்குக்கூடப் பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி காக்க வேண்டும் என்பது பெரும்பாலான வாடகை வீட்டு விதிகளில் எழுதியே இருக்கும். அந்த ஊரில் ஞாயிறு காலை வந்த மணிக்குப் பாட்டி கதவைத் திறந்ததே பெரிய விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. தனியாக வாழும் முதியவர்கள் இங்கே வாசலில் எச்சரிக்கையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. "ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா" என்று கேட்டு மணி அடிப்பார்கள். பாட்டி சமையலறைக்குப் போகும் நேரத்தில் பின்னால் இன்னொருவர் உள்ளே நுழைந்து நகையை எடுத்துக்கொண்டு போவார். தண்ணீர்த் தந்திரம் என்றே இதற்குப் பெயர் இருக்கிறது. தண்ணீர் கொடுங்கள், ஆனால் கதவுச் சங்கிலியை மாட்டிவிட்டு அல்லது கதவைச் சாத்திவிட்டுப் போய் எடுத்து வாருங்கள் என்று போலீசே முதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவரை வாசலில் விட்டுக் கதவைச் சாத்துவது நம் ஊரில் ஏழு தலைமுறைக்குப் பாவம். இங்கே அது பாதுகாப்புப் பாடம்.

2013-க்கு முன்னால் வானொலி தொலைக்காட்சிக் கட்டணத்துக்காக வீட்டில் பெட்டி இருக்கிறதா என்று பார்க்க ஆள் வருவான். உள்ளே விட வேண்டிய கட்டாயம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் கதவிடுக்கில் நின்றே பேசி அனுப்புவார்கள். பிறகு கட்டணத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று மாற்றியதும் அந்த ஆட்கள் வருவது நின்றது. ஆனால் கதவைப் பாதி திறந்து காலை முட்டுக்கொடுத்து நிற்கும் அந்த நிலை மட்டும் ஒரு தலைமுறைக்கே உடம்பில் ஊறிவிட்டது.

இவ்வளவும் சொன்னாலும், மணிப் பலகையில் தன் குடும்பப் பெயரைத் தெருவில் போகிறவர் எல்லாம் படிக்கும்படி எழுதி வைப்பதும் இதே மக்கள்தான். 2018-ல் ஆஸ்திரியாவின் வியன்னா நகர வீட்டுவசதி நிர்வாகம், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காரணம் காட்டிச் சுமார் 2,20,000 வீடுகளின் மணிப் பலகையில் பெயரை எடுத்துவிட்டு எண் போட முடிவு செய்தபோது இங்கே ஜெர்மனியிலும் பெரிய கூச்சல் கிளம்பியது. தபால் எப்படி வரும், பார்சல் எப்படி வரும், நான் யாரென்று எப்படித் தெரியும் என்று. ஆக, யார் உள்ளே இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியலாம். உள்ளே வருவதற்கு மட்டும் தேதி குறிக்க வேண்டும்.

---

காவிரிப்பெண் எழுதியது:

கொங்குநாடன் அண்ணன் மோர் கொடுத்தது சரி. மோர் கடைந்தது யார்?

எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். சின்ன வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் ஆள் வராத வாரமே கிடையாது. வயல் விஷயமாகத் தாத்தாவைப் பார்க்க வருவார்கள், கோவிலுக்கு வந்தவர்கள் அப்படியே எட்டிப் பார்ப்பார்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் ராத்தங்குவார்கள். அத்தனை பேருக்கும் எப்படிச் சோறு இருந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆண்களும் பிள்ளைகளும் முதலில் சாப்பிடுவார்கள். பாட்டி, அம்மா, சித்தி எல்லோரும் கடைசியில். இரண்டு பேர் கூடுதலாக வந்து உட்கார்ந்தால், போவது அந்தக் கடைசிப் பந்தியின் சோறு. ரசத்தில் இன்னும் ஒரு சொம்புத் தண்ணீர் விட்டு, அப்பளம் பொரித்து, வந்தவர் மனம் குளிர அனுப்பிவிட்டு, அம்மா பழையதில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுக் கை கழுவுவார். வந்தவர் தாத்தாவைப் பார்த்து "உங்க வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா" என்பார்.

பகலில் எந்நேரமும் வீட்டில் ஒரு பெண் இருப்பாள், அடுப்பு அவள் கையில், அவள் முகம் கோணக் கூடாது. சொல்லாமல் வருவது நம் ஊரில் நடந்தது இந்த ஏற்பாட்டினால்தான். பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் "போன் பண்ணிட்டு வாங்களேன்" என்று எங்கள் தெருவிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு ஜெர்மனி போக வேண்டியதில்லை.

---

கொங்குநாடன் எழுதியது:

எங்கம்மா யார் வந்தாலும் சந்தோஷமாகத்தான் செய்தார். எல்லாவற்றிலும் குறை கண்டுபிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது.

---

காவிரிப்பெண் எழுதியது:

எங்கம்மாவும் சந்தோஷமாகத்தான் செய்தார். வேண்டாம் என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் சந்தோஷத்தை எதை வைத்து அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அறுபது தாண்டி, மூட்டு வலியோடு தனியாக இருக்கிறார். கம்பிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார். யாராவது மணி அடித்தால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போகிறார்.

---

கீழத்தெரு எழுதியது:

"யார் வந்தாலும்" என்று எழுதும்போது கொஞ்சம் நிதானியுங்கள் நண்பர்களே.

என் தாத்தா பண்ணை வேலை பார்த்தவர். தன் கூலியைக் கேட்கப் போனாலும் முன்வாசல் கிடையாது, கொல்லைப்புறம் சுற்றிப் போக வேண்டும். வேலிக்கு வெளியே நின்று குரல் கொடுக்க வேண்டும். தண்ணீர் கேட்டால் குனிந்து கையை ஏந்த வேண்டும், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். டீக்கடையில் தனி டம்ளர் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளிலும் திண்ணை இருந்தது, வழிப்போக்கருக்கு என்று பெருமையாகச் சொல்லவும் செய்தார்கள். எந்த வழிப்போக்கர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வீட்டுக்கு வாசல் ஒன்றல்ல. தெரு, திண்ணை, ரேழி, கூடம், அடுப்படி என்று ஒவ்வொன்றும் ஒரு வாசல். வந்தவர் யார் என்று பார்த்து எந்த வாசலோடு நிறுத்துவது என்று முடிவு செய்வார்கள். வந்தவருக்கும் அது தெரியும், அதைத் தாண்டிக் கால் வைக்க மாட்டார். ஜெர்மன் பாட்டி உங்கள் அம்மாவை நிறுத்திய இடத்தில் தன் பேத்தியின் தோழியையும், தபால்காரரையும், மேல் வீட்டு வங்கி மேலாளரையும் நிறுத்தியிருப்பார். எனக்கு அந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

---

படலை எழுதியது:

கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து. எங்கட யாழ்ப்பாணக் கதையையும் போட்டு வைக்கிறேன்.

பழைய வீடுகளில் தெருவோடு சேர்ந்து சங்கடப் படலை என்று ஒன்று இருக்கும். படலைக்கு, அதாவது வெளி வாசல் கதவுக்கு, மேல் கூரை போட்டு, இரண்டு பக்கமும் இருக்கத் திட்டு வைத்துக் கட்டியிருப்பார்கள். மழைக்கும் வெயிலுக்கும் தெருவில் போகிறவர் ஒதுங்கலாம். வீட்டுக்காரரைக் கூப்பிடவும் தேவையில்லை. பருத்தித்துறையில் தெருமூடி மடம் என்று தெருவையே உள்ளே விட்டு மேலே கூரை போட்ட கல் மடம் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது. சுமைதாங்கி, கேணி, மாடு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல் எல்லாம் அந்த வழிப்போக்கர் ஏற்பாட்டின் பகுதிதான். கீழத்தெரு சொன்னது எங்கட பக்கமும் அப்படியே பொருந்தும், மறுக்க மாட்டேன். கிணற்றடியில் யார் நிற்கலாம் என்பதற்கே சண்டை நடந்த ஊர்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. நான் வளர்ந்த காலத்தில் நாய் குரைக்கிற விதத்தை வைத்தே வந்திருப்பது யார் என்று அம்மம்மா சொல்லிவிடுவா. பகலில் நாய் குரைத்தால் தேத்தண்ணிக்குக் கேத்தில் அடுப்பில் ஏறும். இரவில் குரைத்தால் விளக்கை அணைப்போம். பிறகு கொழும்பில் இருந்தபோது தமிழ் வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிய வேண்டும். ஊரிலிருந்து சொல்லாமல் ஒரு சொந்தக்காரப் பொடியன் வந்து நின்றால் அம்மாவுக்கு முகம் மலர முன்னமே கலங்கிவிடும். "சாப்பிட்டியா" என்ற கேள்விக்கு முன்னால் "ஐசி இருக்கா" என்று அடையாள அட்டையைத்தான் கேட்போம். அப்படி வளர்ந்தவர்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் மணி அடிப்பதை நல்ல செய்தியாக எடுக்க முடியாது. எங்கட அப்பா இங்கே வந்து இவ்வளவு காலமாகியும் மணி அடித்தால் முதலில் எழும்பிப் பார்ப்பது பின் கதவைத்தான்.

இங்கே பிறந்த பிள்ளைகள் சினேகிதர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு மணி அடிக்காமல் "வந்துட்டன்" என்று செய்தி அனுப்புகினம். எனக்கு அது நல்லதாகத்தான் படுகிறது.

---

காயல்வாசி எழுதியது:

எங்கள் பக்கம் இதற்கு எழுதி வைத்த விதியே இருக்கிறது, சொல்கிறேன். குர்ஆனில் 24-வது அத்தியாயம், 27, 28-ஆம் வசனங்கள்: அடுத்தவர் வீட்டில் அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் நுழையாதீர்கள், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிப் போய்விடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது. ஹதீஸில் கணக்கும் இருக்கிறது. மூன்று தடவை அனுமதி கேட்க வேண்டும், பதில் இல்லையென்றால் போய்விட வேண்டும். கதவுக்கு நேர் எதிரே நிற்காமல் வலமோ இடமோ ஒதுங்கி நிற்க வேண்டும், திறந்ததும் உள்ளே பார்வை போகக் கூடாது என்பதற்காக.

எங்கள் வாப்பா இன்றும் சொந்தத் தங்கை வீட்டில்கூட ஒதுங்கித்தான் நிற்பார். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு நடுவே பெண்கள் போய்வர முடுக்குகள் இருப்பதால், பெண்கள் அந்தப் பக்கமாகச் சொல்லாமலே அடுக்களை வரை வந்துவிடுவார்கள். தெருப் பக்கம் ஆண்களுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு முழுவதும். ஒரே வீட்டில் இரண்டு சட்டம்.

"திரும்பிப் போ" என்பதைக் கோபப்படாமல் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். வருகிறவருக்கு இருக்கும் கடமையைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, கதவைத் திறக்கிறவர் கடமையை மட்டும்தான் அலசுகிறோம்.

---

நெக்கர்கரை எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. பெர்லின்_பழசு எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தண்ணீர்த் தந்திரம் கேட்டதும் "அடப்பாவிகளா" என்று பாட்டி பக்கம் சாய்ந்துவிட்டார். காவிரிப்பெண் எழுதியதைப் படித்தபோது ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

இப்போது வேறு சிக்கல். ஜாம் பாட்டில் தீர்ந்துவிட்டது. காலிப் பாட்டிலைக் கழுவி வைத்திருக்கிறார். ஏனத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதே, அதில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுக்கப் போகிறாராம். பாட்டி மறுபடி எதையாவது நிரப்பி அனுப்புவார். இது எங்கே போய் நிற்கும்?

---

பெர்லின்_பழசு எழுதியது:

நிற்காது. பாட்டியும் அதே கணக்கில்தான் சம்புடத்தோடு ஜாம் வைத்திருக்கிறார். நிறுத்த நினைத்தால் ஒரு வழிதான்: ஞாயிறு மாலை 3 மணிக்குக் காபிக்கு வரச் சொல்லி ஒரு அட்டை எழுதித் தபால் பெட்டியில் போடுங்கள், ஒரு வாரம் முன்னாலேயே. 3 மணி என்றால் 3 மணிக்கு வருவார், கையில் பூவோடு. கேக் வாங்கி வையுங்கள். உள்ளே போடச் செருப்பு எடுத்து வைத்தால் மகிழ்ச்சி. ஐந்தரைக்குப் போய்விடுவார், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அம்மா கையைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய்க்கு மிளகாயைக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வேபியர்கள் நாக்கு பாவம்.

---

செங்கோட்டைக்காரி எழுதியது:

நான் வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஒன்றை யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்குச் சுருக்கென்றது "உள்ளே வாங்க" என்று சொல்லாததால் மட்டும் இருக்காது. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் அடித்துச் சொல்லி வளர்த்தார்கள். ஒன்று நீ உள்ளே போ, இல்லை அவர்கள் வெளியே வரட்டும். அதுவும் விளக்கு வைத்த நேரத்தில் நிலைப்படியில் நின்று உப்போ தயிரோ பணமோ கொடுத்தால் பாட்டி கத்தித் தீர்ப்பார். அம்மா முறுக்கை நீட்டியது அந்த இடத்தில். கை போனதும் மனது இடித்திருக்கும். ரஷ்யர்களிடமும் இது உண்டு, நிலைப்படிக்குக் குறுக்கே கை குலுக்க மாட்டார்கள். என்னோடு வேலை செய்த ரஷ்யப் பெண் என்னை உள்ளே இழுத்துத்தான் கை கொடுத்தாள்.

---

டெக்சஸ்_தம்பி எழுதியது:

அமெரிக்காவில் இந்த விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு வீட்டு முன்வாசலுக்குப் போலீஸ் மோப்ப நாயைக் கூட்டிக்கொண்டு போய்க் கஞ்சா இருக்கிறதா என்று முகர வைத்தது செல்லுமா என்று வழக்கு. 2013-ல் செல்லாது என்று தீர்ப்பு. அதில் நீதிபதிகள் வாசல் மரியாதையையே சட்டமாக எழுதிவிட்டார்கள்: முன்பாதை வழியாக வரலாம், கதவைத் தட்டலாம், சற்று நேரம் காத்திருக்கலாம், இருக்கச் சொல்லவில்லையென்றால் கிளம்பிவிட வேண்டும். பிஸ்கட் விற்க வரும் சாரணச் சிறுமிகளும் ஹாலோவீனுக்கு மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளும் இதைச் சிக்கலில்லாமல் செய்கிறார்கள் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த அனுமதியில் நாயைக் கொண்டுவந்து துழாவுவது அடங்காது.

காயல்வாசி சொன்ன மூன்று தடவைக் கணக்கும் இதுவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம்.

ஆனால் தாளில் இருப்பது வேறு. 2023 ஏப்ரலில் கான்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூப்பிட்டு வரப் போன 16 வயதுக் கறுப்பினப் பையன் தெரு மாறி வேறு வீட்டு மணியை அடித்துவிட்டான். உள்ளே இருந்த 84 வயதுக்காரர் கதவுக்குள்ளிருந்தே சுட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு, பிள்ளைகளை எந்த வீட்டுக்கும் தனியாக மணி அடிக்க அனுப்பாதீர்கள் என்று. தீபாவளிப் பலகாரம் கொடுக்கப் போவதென்றால்கூட முன்கூட்டியே செய்தி அனுப்பிவிட்டுத்தான் போகிறோம்.

---

ஒசாகா_மாமா எழுதியது:

ஜப்பானில் வீட்டுக்குள் நுழைந்ததும் தாழ்வான ஓர் இடம் இருக்கும், கென்கான் என்பார்கள். செருப்பு அங்கே. அதற்கு மேலே ஒரு படி ஏறினால்தான் வீடு. பார்சல்காரர், பக்கத்து வீட்டம்மா, சங்கத்துச் சந்தா வாங்க வருபவர் எல்லோரும் கதவைத் தாண்டிக் கென்கானில் வந்து நின்று பேசிவிட்டுப் போவார்கள். உள்ளே வந்த மாதிரியும் ஆச்சு, வராத மாதிரியும் ஆச்சு. மேலே ஏறச் சொன்னால்தான் விருந்தாளி. நெக்கர்கரை அம்மா இங்கே வந்திருந்தால் பாதி கோபம் குறைந்திருக்கும், குறைந்தது குளிரில் நிற்க வைக்க மாட்டார்கள்.

புது வீட்டுக்குக் குடிபோனால் நாமேதான் போய் மணி அடிக்க வேண்டும். எதிர் வரிசையில் மூன்று வீடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு, கையில் ஒரு துண்டோ சோப்போ. சொல்லாமல் போவதுதான் அங்கே முறை, ஆனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்றால் முறைகேடு. டோக்கியோ போன்ற நகரங்களில் இந்த வழக்கம் தேய்ந்துகொண்டே வருகிறது, தனியாக இருக்கும் பெண்கள் பலர் பாதுகாப்புக்காகப் போவதில்லை.

---

காவிரிப்பெண் எழுதியது:

ஸ்வீடன்காரர்கள் பற்றி 2022 மே மாதம் இணையத்தில் வந்த சண்டை யாருக்காவது நினைவிருக்கிறதா? பிள்ளையோடு விளையாட வந்த சினேகிதனை அறையில் உட்கார வைத்துவிட்டு வீட்டார் மட்டும் போய்ச் சாப்பிடுவார்கள் என்று. உலகமே திட்டித் தீர்த்தது. அந்தப் பையன் வீட்டிலும் இரவுச் சாப்பாடு செய்து வைத்திருப்பார்கள், நாம் கொடுத்தால் அது வீணாகும் என்று ஸ்வீடன்காரர்கள் விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் ஒரு குழந்தை பக்கத்து அறையில் இருக்கும்போது என் தொண்டையில் சோறு இறங்காது. இதில் மட்டும் நான் கொங்குநாடன் அண்ணன் கட்சி.

---

கொங்குநாடன் எழுதியது:

அப்பாடா.

---

பி_பிளாக்_703 எழுதியது:

சென்னையில் பெருங்குடிப் பக்கம் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. இங்கே வாசல் மரியாதை முழுவதும் காவலாளி கைக்குப் போய்விட்டது. யார் வந்தாலும் கீழேயே நிறுத்தி, பெயர் எழுதி, படம் எடுத்து, என் கைப்பேசிச் செயலிக்கு அனுப்புவார்கள். நான் அனுமதி கொடுத்தால்தான் மின்தூக்கி வரை வர முடியும்.

போன மாதம் மன்னார்குடியிலிருந்து மாமா ஒரு பை மாங்காயோடு சொல்லாமல் வந்துவிட்டார். நான் கூட்டத்தில் இருந்தேன், கைப்பேசி ஊமையில் கிடந்தது. முக்கால் மணி நேரம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மேலே வந்ததும் முதல் வார்த்தை, "என்னைப் போட்டோ புடிக்கிறான்டா, கேடி மாதிரி". எனக்குக் கோபம் காவலாளி மேல் வரவில்லை, அவர் செய்தது அவர் வேலை. மாமாவிடம் "போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே" என்று வாய் வரை வந்தது, முழுங்கிவிட்டேன். அதைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு வரை என் கல்யாணத்துக்கு அவர் செய்த சீர் கணக்கெல்லாம் வெளியே வந்திருக்கும்.

---

கீழத்தெரு எழுதியது:

703, உங்கள் குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் உணவு கொண்டு வருகிறவர்களுக்கும் தனி மின்தூக்கி உண்டா?

---

பி_பிளாக்_703 எழுதியது:

உண்டு. எழுதியே ஒட்டியிருக்கிறது. நலச்சங்கக் கூட்டத்தில் எடுக்கச் சொல்லி நானும் இன்னும் சிலரும் பேசினோம். வாக்கெடுப்பில் தோற்றோம். பார்சலோடு வருகிறவர்களால் கூட்டமாகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பார்சல் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பிப் போகும்போதும் ஏன் அதே மின்தூக்கி என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

---

கிள்ளான்_அக்கா எழுதியது:

மலேசியாவில் நாங்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறோம் லா. தீபாவளிக்குத் திறந்த இல்ல உபசரிப்பு. ஒரு நாள், ஒரு நேரம் சொல்லி வீட்டைத் திறந்துவிடுவோம். மலாய்க்காரர், சீனர், வேலையிடத்து ஆட்கள், அவர்கள் கூட்டி வரும் பெயர் தெரியாத ஆட்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். மாட்டிறைச்சி, பன்றி இரண்டும் இருக்காது, முஸ்லிம் நண்பர்களுக்காக ஹலால் கோழி வாங்குவோம். ஹரி ராயா என்கிற பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாங்கள் அதே மாதிரி அவர்கள் வீட்டுக்குப் போவோம். மற்ற நாளில் சொல்லாமல் வந்தால் கேட் பூட்டியிருக்கும், ஹார்ன் அடித்துவிட்டு நிற்க வேண்டியதுதான்.

காவிரிப்பெண் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: முதல் நாள் ராத்திரி தூங்காமல் சமைப்பது பெண்கள்தான். இப்போது பாதி வீடுகளில் கேட்டரிங்.

---

மியூனிக்_புதுசு எழுதியது:

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், அவசரக் கேள்வி. என்னோடு வேலை செய்யும் ஜெர்மன்காரரின் அப்பா நேற்று இறந்துவிட்டார். நம் ஊரில் சாவு வீட்டுக்கு அழைப்பே கிடையாது, கேள்விப்பட்டதும் போய் நிற்க வேண்டும், போகாவிட்டால்தான் தப்பு. இங்கே நேராக வீட்டுக்குப் போகலாமா?

---

படலை எழுதியது:

கனடாவில் எங்கட ஆட்கள் செத்த வீட்டுக்கு இன்னும் சொல்லாமல்தான் போகினம், அது ஒன்று மட்டும் மாறவில்லை. ஆனால் வெள்ளைக்காரர் வீட்டுக்கு அப்படிப் போக மாட்டோம்.

---

பெர்லின்_பழசு எழுதியது:

மியூனிக்_புதுசு, போகாதீர்கள். மிக நெருங்கியவர்கள் தவிர யாரும் வீட்டுக்குப் போவதில்லை. கடைகளில் கறுப்புக் கரை போட்ட இரங்கல் அட்டை கிடைக்கும். அச்சிட்ட வாசகத்தோடு விட்டுவிடாமல் உங்கள் கையால் இரண்டு வரி எழுதித் தபாலில் அனுப்புங்கள். அடக்கம் உடனே நடக்காது, ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். செய்தித்தாளில் இரங்கல் அறிவிப்பு வந்தால் தேதி இருக்கும், குடும்பத்தார் மட்டும் என்று போடவில்லையென்றால் கல்லறைத் தோட்டத்துக்கு நீங்கள் தாராளமாகப் போகலாம். கறுப்போ அடர்நிற உடையோ போதும். கல்லறை அருகே கை கொடுத்துத் துக்கம் விசாரிக்க வேண்டாம் என்று அறிவிப்பிலேயே கேட்டுக்கொண்டிருந்தால், குடும்பத்தாரிடம் போகாமல் ஒரு கைப்பிடி மண் மட்டும் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதற்குப் பிறகு காபி, கேக்கோடு ஒரு கூடுகை இருக்கும், அதற்கு மட்டும் அழைத்தால்தான் போக வேண்டும்.

---

மியூனிக்_புதுசு எழுதியது:

நன்றி அண்ணா. அவர் மேசைக்கு எதிர் மேசை எனக்கு. திரும்பி வேலைக்கு வரும்போது என்ன சொல்வது? ஒன்றும் கேட்காமல் இருக்க முடியுமா?

---

பெர்லின்_பழசு எழுதியது:

எழுந்து போய்க் கை கொடுத்து வருத்தம் தெரிவித்துவிடுங்கள், ஒரே வாக்கியம் போதும். எப்படி இறந்தார், எந்த ஆஸ்பத்திரி, என்ன வயது என்று நம் ஊர் மாதிரி கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.